வலத்தடத்தை விடாத வண்டி: பின்னால் வருபவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். என்-3 நெடுஞ்சாலையில் வேலைக்காக நாள்தோறும் போய்வருபவர்களும், பெரிய வெள்ளிக்கிழமைக்கு ஜோகன்னஸ்பர்கை அடுத்த லெனேசியாவிலிருந்து குடும்பத்தோடு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வருபவர்களும் ஒரு காட்சியைப் பார்க்காமல் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. வலத்தடத்தில் ஒரு கார் மணிக்கு 95 கிலோமீட்டரில் உருண்டுகொண்டிருக்கும். அதன் இடப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் காலியாகக் கிடக்கும். பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி வரும். இடப்பக்கம் செல்லுங்கள், வலப்பக்கம் முந்துங்கள் என்று சொல்லும் பலகையை அந்தக் காரும் கடந்துதான் வந்திருக்கும்.

அந்த நேரத்தில் பின்னால் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். காவடிக்குக் கூடிய உறவினர்களிடையே இந்தப் பேச்சு எழுந்தபோது, விளக்கை அடித்து விலக்கு என்றார் பெரியப்பா மகன். இடப்பக்கமாக ஏறிப் போய்விடு என்றார் மாமா. அது சட்டப்படி குற்றமாயிற்றே என்றாள் சித்தி மகள். இந்தத் தொல்லையே வேண்டாம், மாற்றுச்சாலையான எம்-13இல் போ என்றார் இன்னொருவர். நான்கு பேரும் பத்து வருடங்களுக்கு மேல் அதே சாலையில் ஓட்டுபவர்கள். ஆகவே இந்த வழிகளை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது என்று தோன்றியது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். முதலாவது, இதைச் செய்தால் மோதும் வாய்ப்பு கூடுமா, குறையுமா? இரண்டாவது, தென்னாப்பிரிக்கச் சட்டம் இதை அனுமதிக்கிறதா? ஊரில் சொல்லப்படும் சட்டமும் எழுதப்பட்ட சட்டமும் இந்த விஷயத்தில் வெவ்வேறாக இருப்பதைப் பின்னால் பார்ப்போம். மூன்றாவது, உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது? நான்காவது, முன்னால் இருப்பவர் விலகுவாரா, அல்லது முறுக்கிக்கொள்வாரா? ஐந்தாவது, உடனே கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? பிரேக், பெட்ரோல், காப்பீட்டு எக்ஸஸ் (விபத்துச் செலவில் நாமே கட்ட வேண்டிய பங்கு) ஆகியவற்றோடு, காருக்குள் இருப்பவர்களின் வயிற்றில் புளி கரைவதையும் நான் செலவுக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

இவற்றுள் மூன்றாவது கேள்வியைத்தான் எவரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நெடுஞ்சாலையில் பொது வேக வரம்பு 120. அந்த வேகத்தில் 5 கிலோமீட்டரைக் கடக்க இரண்டரை நிமிடம் ஆகும். 100இல் சென்றால் மூன்று நிமிடம். ஐந்து கிலோமீட்டர் தூரம் ஒரு மந்தமான காரின் பின்னால் மாட்டிக்கொண்டால் இழப்பது அரை நிமிடம். டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க் வரை முழுத் தூரமும் 100இலேயே சென்றால்கூட 40 நிமிடப் பயணம் 48 நிமிடமாகிறது, அவ்வளவுதான். மாரியன்ஹில் சுங்கச்சாவடியில் ஒரு மோசமான வரிசையைத் தேர்ந்தெடுத்தாலே அந்த எட்டு நிமிடத்தில் பாதி போய்விடும்; ஆனால் சுங்கச்சாவடியில் முன்னால் நிற்பவர் மீது நமக்கு அத்தனை கோபம் வருவதில்லை. வலத்தடத்தில் நாம் இழப்பது நேரத்தைவிட நியாயம் என்ற உணர்வைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

## அவர் ஏன் விலகுவதில்லை

எந்த வழி பலிக்கும் என்பது, முன்னால் இருப்பவர் ஏன் அங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. எல்லோரும் திமிர் பிடித்தவர்கள் அல்லர்.

சிலர் லாரிகளுக்குப் பயந்து வலத்தடத்தில் ஒதுங்குகிறார்கள். என்-3 டர்பன் துறைமுகத்தையும் ஜோகன்னஸ்பர்கையும் இணைக்கும் சரக்குச் சாலை. இங்கே ஓடும் இன்டர்லிங்க் லாரிகள் (இரண்டு டிரெய்லர்களைக் கோத்து இழுப்பவை) 22 மீட்டர் நீளமும் 56 டன் எடையும் வரை இருக்கலாம். ஒன்பது டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு வேக வரம்பு 80தான், ஏற்றங்களில் அதிலும் பாதிகூட வராது. அவற்றின் சக்கரங்கள் அழுத்தி அழுத்தி இடத்தடம் பள்ளம் விழுந்திருக்கும் இடங்களும் உண்டு. சிறிய கார் வைத்திருக்கும் ஒருவர் அந்த அணிவகுப்புக்குள் நுழையத் தயங்குவதில் வியப்பில்லை.

இன்னும் சிலருடைய கவனம் கைபேசியில் இருக்கும். வேறு சிலர், 'நான் 120இல்தான் போகிறேன், என்னை முந்த நினைப்பவன் சட்டத்தை மீறுபவன், ஆகவே நான் ஏன் விலக வேண்டும்' என்று நினைப்பவர்கள். இந்த வாதம் இரண்டு இடங்களில் பிசகுகிறது. முதலாவது, வேகமானி உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அமைக்கப்படுகிறது. முள் 120இல் நிற்கும்போது வண்டி 115இல் போய்க்கொண்டிருக்கலாம். இரண்டாவது, பிறருடைய வேகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைச் சட்டம் எந்த ஓட்டுநருக்கும் கொடுக்கவில்லை. பின்னால் வருபவர் முந்த விரும்புகிறார் என்று தெரிந்ததும் இயன்ற அளவு இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், அவர் கடந்து முடிக்கும்வரை வேகத்தைக் கூட்டக் கூடாது என்றுதான் ஒழுங்குவிதி சொல்கிறது.

பயந்தவருக்கு நேரம் கொடுத்தால் விலகுவார். கவனம் சிதறியவருக்கு ஒரு சைகை போதும். மூன்றாம் வகையினரை எதுவும் அசைக்காது. பின்னால் இருந்து பார்க்கும்போது மூவரும் ஒரே மாதிரி தெரிவதுதான் சிக்கல்.

## முதல் வழி: இடைவெளி விட்டுக் காத்திருப்பது

மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 33 மீட்டர். முன்னால் உள்ள வண்டிக்கும் நமக்கும் குறைந்தது இரண்டு நொடி இடைவெளி வேண்டும் என்பது பொதுவான பாடம். அது ஏறத்தாழ 67 மீட்டர் ஆகிறது. மழை பெய்தாலோ, இருட்டினாலோ மூன்று நொடி, அதாவது 100 மீட்டர் வைத்துக்கொள்வது நல்லது. மீட்டரைக் கண்ணால் அளக்க முடியாது. முன் வண்டி ஒரு பாலத்தின் நிழலைக் கடந்ததும் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று எண்ணி முடிப்பதற்குள் நாம் அந்த நிழலை எட்டிவிட்டால் நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. மோதும் வாய்ப்பு மிகக் குறைவு. நேர இழப்பு மேலே சொன்ன அரை நிமிடம், ஒரு நிமிடம். ஆனாலும் செலவே இல்லாத வழி என்று இதைச் சொல்ல முடியாது. அந்த 67 மீட்டருக்குள் இன்னொருவர் வந்து நுழைவார். அவருக்காகப் பின்வாங்கினால் அடுத்தவர் நுழைவார். வெள்ளிக்கிழமை மாலையில் ஐந்து வண்டிகள் இப்படி நுழைந்தால் மனம் கொதிக்கும்; ஆனால் ஐந்து வண்டிகளுக்காகப் பின்வாங்குவதில் போவது மொத்தம் பத்துப் பதினைந்து நொடி. இரண்டாவது செலவு, நாமும் வலத்தடத்தில் உட்கார்ந்திருப்பதால் பின்னால் வருபவருக்கு நாமே தடையாகிறோம். ஆகவே காத்திருப்பது என்றால் வலத்தடத்திலேயே காத்திருக்க வேண்டும் என்பதில்லை. இடப்பக்கம் காலியாக இருந்தால் அங்கே ஒதுங்கி, முன் வண்டியைவிடச் சற்று மெதுவாகப் போய்க்கொண்டு, வழி திறக்கும்போது திரும்பி வரலாம்.

இரண்டு லாரிகள் ஒன்றையொன்று முந்தும் நேரத்துக்கு இந்த வழியே தக்கது. எண்பதில் போகும் ஒன்று எழுபத்தாறில் போகும் ஒன்றைத் தாண்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஏற்றம் வந்தால் இன்னும் நீளும். அந்த ஓட்டுநரிடம் விளக்கடித்துப் பயனில்லை. அவருக்குப் போக வேறு இடமே இல்லை.

## இரண்டாம் வழி: விளக்கு அல்லது ஹூட்டர் மூலம் தெரிவிப்பது

ஹூட்டர் என்று நாம் சொல்லும் ஹாரனைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். பாதுகாப்புக்குத் தேவையானால் மட்டுமே அதை ஒலிக்கலாம் என்று ஒழுங்குவிதி வரையறுக்கிறது. 'வழி விடு' என்று அதட்டுவதற்கு அது பயன்படாது. நெடுஞ்சாலையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது காதில் விழுவதும் அரிது.

விளக்கு வேறு. சரியாகச் செய்தால் அது ஒரு வேண்டுகோள். எண்பது, நூறு மீட்டர் பின்னால் இருக்கும்போதே ஒரே ஒரு குறுகிய வெளிச்சம், அதன்பின் பத்து நொடி பொறுமை. முன்னால் இருப்பவர் கண்ணாடியில் பார்த்து, இடப்பக்கம் இடம் இருக்கிறதா என்று சரிபார்த்து, இண்டிகேட்டர் போட்டு விலக அந்தப் பத்து நொடி தேவை. கவனம் சிதறியவர்களில் பெரும்பாலோர் இதிலேயே விலகிவிடுவார்கள் என்பது என் அனுபவம். சிலர் விளக்குக்குப் பதிலாக வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பகலில் அது இன்னும் மென்மையான கேள்வி. ஆனால் பலருக்கு அதன் பொருள் தெரியாது. விலகியவரைக் கடந்ததும் நம் நாட்டு வழக்கப்படி அபாய விளக்கை இரண்டு முறை மின்னி நன்றி சொல்லலாம்; அவரும் முன்விளக்கைச் சிமிட்டி ஏற்றுக்கொள்வார். தமிழில் 'பரவாயில்லை' என்பதற்குச் சமமான சிமிட்டல் அது.

பத்து மீட்டர் தூரத்தில் வந்து நான்கு தடவை அடித்தால் அதே விளக்கு வசையாகிவிடுகிறது. எந்த வாகனத்தில் யார் இருக்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாத நாடு இது. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்து எண் பலகையோடு விடுமுறைக்கு வருபவர்களை நம் கடற்கரை ஊர்களில் 'வாலி' என்பார்கள். பழைய டிரான்ஸ்வால் மாகாணத்தின் பெயர் அப்படிச் சுருங்கிப்போயிற்று. நமக்கு அந்தப் பெயரைக் கேட்டால் கிஷ்கிந்தைதான் நினைவுக்கு வரும். எதிரில் நின்று போரிடுபவனின் பாதி பலம் வாலிக்குப் போய்விடும். இராமனே மறைந்து நின்றுதான் அம்பு விட்டான். சாலையில் முறுக்கிக்கொண்ட ஓட்டுநரும் அப்படித்தான், எந்த மாகாணத்து எண் பலகையாக இருந்தாலும் சரி. ஒரு முறை சைகை காட்டியும் விலகவில்லை என்றால் அவர் மூன்றாம் வகையினர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது முறை விளக்கடிப்பது அவருக்குப் பலம் கொடுப்பதாகவே முடியும்.

## மூன்றாம் வழி: இடப்பக்கமாகக் கடப்பது

சித்தி மகள் சொன்னது போல, இடப்பக்கமாக முந்துவது எப்போதும் குற்றம் என்று நம்மில் மிகப் பலர் நம்புகிறோம். எழுதப்பட்ட விதி அப்படி இல்லை. 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் 2000ஆம் ஆண்டு வந்த ஒழுங்குவிதிகளில் 298ஆவது விதி, வலப்பக்கமாகக் கடப்பதையே பொதுநெறியாக வைத்துவிட்டு, சில சூழ்நிலைகளில் இடப்பக்கமாகக் கடக்கவும் இடம் தருகிறது. அவற்றுள் ஒன்று, ஒரே திசையில் செல்லும் சாலைப்பகுதி கோடுகளால் தடங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பது. என்-3, என்-2 போன்ற நெடுஞ்சாலைகள் இந்த வரையறைக்குள் வருகின்றன. ஆனால் தனக்கும் பிறருக்கும் ஆபத்தில்லாமல் செய்ய முடிந்தால் மட்டுமே என்ற நிபந்தனை உண்டு. மஞ்சள் கோட்டுக்கு அப்பால் உள்ள ஓரப்பட்டையில் ஏறி முந்துவதற்கு எந்தச் சூழ்நிலையிலும் அனுமதி இல்லை. ஆகவே மாமா சொன்னதும் அரைச் சரி, சித்தி மகள் சொன்னதும் அரைச் சரி.

சட்டம் இடம் கொடுக்கிறது என்பதால் சாலையும் இடம் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. இதை நான் ஒரு தூக்குவாளி ரசத்தில் கற்றுக்கொண்டேன். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவை அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். தூக்குவாளி அம்மாவின் மடியில் இருந்தது. ஹாமர்ஸ்டேலைத் தாண்டியதும் ஒரு வெள்ளை பக்கி (பின்புறம் திறந்த பிக்கப் வண்டி) வலத்தடத்தில் 90இல் போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை விளக்குக் காட்டினேன், பத்து நொடி பொறுத்தேன், அசையவில்லை. இடத்தடத்துக்கு மாறி வேகத்தைக் கூட்டினேன். என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்கு நேராக வந்த கணத்தில், அவர் என் பழைய சைகைக்கு மரியாதை கொடுத்து, இண்டிகேட்டர் போடாமல் இடப்பக்கம் விலகத் தொடங்கினார். நான் பிரேக்கில் ஏறி நின்றேன். பக்கி மீண்டும் வலத்தடத்துக்கு ஓடியது. ஓட்டுநர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார். காருக்குள் மிளகும் பெருங்காயமும் மணத்தன. "ஏண்டி, சீக்கிரம் போய் என்னத்தைப் பரிமாறப் போறே? பாதி ரசம் என் புடவையிலே இருக்கு" என்றார் அம்மா.

என் தவறு எது என்று பிறகு யோசித்தபோது புரிந்தது. இரண்டாம் வழியையும் மூன்றாம் வழியையும் அடுத்தடுத்துச் செய்யக் கூடாது. விலகச் சொல்லிக் கேட்டவர், கேட்கப்பட்டவர் விலகிப்போக வேண்டிய அதே இடத்தில் போய் நிற்கக் கூடாது. விளக்குக் காட்டிவிட்டால், குறைந்தது அரை நிமிடமாவது வலத்தடத்திலேயே இருக்க வேண்டும். இடப்பக்கமாகக் கடப்பது என்று முடிவு செய்துவிட்டால், விளக்கே காட்டாமல் கடக்க வேண்டும்.

இதோடு வேறு சில ஆபத்துகளும் உண்டு. இடத்தடத்தில் முன்னால் போகும் லாரி ஏற்றத்தில் 40இல் ஊர்ந்துகொண்டிருந்தால், 120இல் வரும் நமக்கும் அதற்கும் உள்ள வேக வேறுபாடு நொடிக்கு 22 மீட்டர்; நூறு மீட்டர் இடைவெளி நாலரை நொடியில் தீர்ந்துவிடும். கேட்டோ ரிட்ஜ் போன்ற இடங்களில் கிளைச்சாலையிலிருந்து வண்டிகள் இடத்தடத்தில்தான் வந்து சேர்கின்றன. அகலப்படுத்தும் பணிகள் நடக்கும் பகுதிகளில் தடங்கள் குறுகி, கோடுகள் இடம் மாறியிருக்கும். பழைய கோட்டின் தழும்பும் புதிய கோடும் மழையில் ஒரே மாதிரி மினுங்கும். அங்கே இந்த வழியை நினைக்கவே கூடாது. மோதல் நேர்ந்தால் தவறு யாருடையது என்று இரு தரப்பும் வாதாடலாம். வாதம் முடியும்வரை எக்ஸஸ் தொகை நம் பையிலிருந்துதான் போகும்.

இத்தனையும் சொன்ன பிறகும் இந்த வழியை நான் ஒதுக்கிவிடவில்லை. மூன்று தடங்கள் உள்ள பகுதியில், வலக்கோடித் தடத்தில் ஒருவர் அசையாமல் போக, நடுத்தடம் நெடுந்தூரம் காலியாக இருக்கும்போது, நடுத்தடத்தில் சீரான வேகத்தில் போய்க்கொண்டே அவரைக் கடந்துவிடுவது, அவர் பின்னால் ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து தொங்குவதைவிடப் பாதுகாப்பானது. பாய்ந்து போகாமல், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேக வேறுபாட்டுக்குள், இரு கண்ணாடிகளையும் பார்த்து, அவருடைய பக்கவாட்டில் தங்காமல் கடந்து, உடனே அவர் முன்னால் வெட்டி நுழையாமல் போக வேண்டும்.

## நான்காம் வழி: ஒட்டிப் போய் நெருக்குவது

இதைத் தேர்வு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது; ஆனால் அதிகம் பேர் செய்வது இதைத்தான். 120இல் பத்து மீட்டர் இடைவெளி என்பது 0.3 நொடி. மனிதர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கக் குறைந்தது ஒரு நொடி ஆகும். அதற்குள் கார் 33 மீட்டர் ஓடியிருக்கும். நியாயமான இடைவெளி விடாமல் பின்தொடர்வது சட்டப்படியும் குற்றம். பயந்த ஓட்டுநர் நெருக்கினால் இன்னும் பயந்து உறைந்துபோவார். முறைப்பவர் பிரேக்கைத் தொட்டு விளையாடுவார். எந்த வகை ஓட்டுநரிடமும் இது மற்ற வழிகளைவிட நன்றாகப் பலிப்பதாக நான் பார்த்ததில்லை.

## ஐந்தாம் வழி: வேறு சாலை, வேறு நேரம்

டர்பனிலிருந்து ஹில்கிரெஸ்ட் வரை எம்-13 சுங்கமில்லாத மாற்றுச்சாலை. வெஸ்ட்வில், பைன்டவுன், க்லூஃப் வழியாகப் போகும். அங்கே தடப்போட்டி குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பைன்டவுனுக்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில் செங்குத்தான இறக்கம். 2013 செப்டம்பரில் ஒரு லாரி அந்த இறக்கத்தின் அடியில் வாகனங்கள் மீது மோதியதில் 24 பேர் இறந்தார்கள். பள்ளிக்கூட நேரத்தில் எம்-13 என்-3ஐவிட மெதுவாக நகரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஹில்கிரெஸ்டைத் தாண்டி, ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கை ஒட்டி, டிரம்மண்ட், இஞ்சாங்கா, கேட்டோ ரிட்ஜ் வழியாக ஆர்-103 போகிறது. பெரும்பகுதி ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம். இத்தகைய சாலைகளில்தான், பகல் வெளிச்சத்தில், குறைந்தது 150 மீட்டருக்குத் தெளிவாகத் தெரியும்போது, பின்னால் வருபவர் முந்துவதற்காக மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரப்பட்டையில் ஒதுங்கச் சட்டம் அனுமதிக்கிறது. நெடுஞ்சாலையிலும் அதையே எதிர்பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். அவசரமில்லாத ஞாயிற்றுக்கிழமையில், ஊர்க்காட்சி பார்க்க விரும்பும் பெரியவர்கள் காரில் இருந்தால், ஆர்-103 நல்ல சாலை. வேலைக்குப் போகும் நாளில் அது விடை ஆகாது. காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடும் நாளிலும் ஆகாது. ஓட்டக்காரர்கள் ஓடுவது அந்தச் சாலையில்தான்.

வடகடற்கரைக்காரர்களுக்கு என்-2க்கு மாற்றாக எம்-4உம், வெருலம், டொங்காட் வழியாகப் போகும் பழைய ஆர்-102உம் உண்டு. கணக்கு ஏறத்தாழ அதேதான்: சுங்கம் மிச்சம், ரோபோக்கள் (நம் ஊர் வழக்கில் போக்குவரத்து விளக்குகள்) அதிகம்.

சாலையை மாற்றுவதைவிட நேரத்தை மாற்றுவது பலருக்கு எளிது. பெரிய வெள்ளிக்கு முந்தைய வியாழன் பிற்பகலில் ஜோகன்னஸ்பர்கை விட்டுக் கிளம்புவதும், வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புவதும் ஒரே பயணம் அல்ல. ஆனால் விடியலில் கிளம்புபவர் முந்தைய இரவு உறங்கியிருக்க வேண்டும். பூஜைக்கு எல்லாம் எடுத்துவைத்துவிட்டு நள்ளிரவில் படுத்தவருக்கு இந்த வழி வலத்தடத்தைவிட ஆபத்தானது.

## ஆறாம் வழி: புகார் செய்வது

விலகாமல் போனதற்காக மட்டும் ஒருவர் மீது புகார் செய்வதில் பெரும்பாலும் பலன் இருக்காது. வேகத்தைப் பிடிக்கும் கேமராவுக்கு மந்தத்தைப் பிடிக்கத் தெரியாது. லாரியின் பின்புறத்தில் நிறுவனத்தின் தொலைபேசி எண் எழுதியிருந்தால் அது வேறு: அங்கே புகார் பெறுபவருக்கு அந்த ஓட்டுநர் யார் என்று தெரியும். ஓட்டிக்கொண்டிருப்பவர் கைபேசியைக் கையில் எடுப்பது குற்றம் என்பதால், எண்ணைக் குறிப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை. யாரேனும் துரத்துகிறார்கள், வெட்டி மறிக்கிறார்கள் என்றால் அது புகார் நிலையைத் தாண்டியது; காவல்துறையின் 10111க்கோ, கைபேசியிலிருந்து அவசர எண் 112க்கோ அழைத்துவிட்டு, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் நிலையத்தை நோக்கிப் போக வேண்டும், வீட்டை நோக்கி அல்ல.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| வழி | மோதும் வாய்ப்பு | சட்டம் | மிச்சமாகும் நேரம் | மறைந்திருக்கும் செலவு | எப்போது தக்கது |
|---|---|---|---|---|---|
| காத்திருத்தல் | மிகக் குறைவு | தடை இல்லை | இல்லை; இழப்பு அரை, ஒரு நிமிடம் | இடையில் நுழைபவர்கள், மனக்கொதிப்பு | மழை, இருட்டு, லாரி லாரியை முந்தும்போது |
| ஒருமுறை விளக்கு | குறைவு, தூரத்திலிருந்து என்றால் | வேண்டுகோளாக இருக்கும்வரை சிக்கல் இல்லை | சில நொடி முதல் ஒரு நிமிடம் | ஆள் முறைப்பவரானால் வம்பு | கவனம் சிதறியவர் என்று தோன்றும்போது |
| இடப்பக்கமாகக் கடத்தல் | நடுத்தரம். விளக்கடித்த பின் என்றால் அதிகம் | தடங்கள் பிரிந்த சாலையில், பாதுகாப்பானால் அனுமதி | ஒரு நிமிடம் வரை | காப்பீட்டு வாதம், ரசம் | மூன்று தடம், காலியான நடுத்தடம், தெளிந்த வானிலை |
| ஒட்டிப் போதல் | மிக அதிகம் | குற்றம் | நிச்சயமில்லை | பிரேக், டயர், உயிர் | எப்போதும் இல்லை |
| வேறு சாலை அல்லது நேரம் | சாலையைப் பொறுத்தது | தடை இல்லை | பெரும்பாலும் இழப்பு | உறக்கம், கூடுதல் தூரம் | முன்கூட்டித் திட்டமிட முடிந்தால் |
| புகார் | இல்லை, பயணி செய்தால் | உரிமை | இல்லை | பொறுமை | நிறுவன லாரி, அல்லது மிரட்டல் |

என் வழக்கத்தைக் கேட்டால், வார நாட்களில் முதல் இரண்டு வழிகளிலேயே எனக்கு வேலை முடிந்துவிடுகிறது. இடைவெளி விட்டுத் தொடர்வேன். ஒரே ஒரு முறை விளக்குக் காட்டுவேன். அரை நிமிடம் கழிந்தும் அசைவில்லை என்றால் இடப்பக்கம் ஒதுங்கி, அவரையும் அவர் பின்னால் தொங்குபவர்களையும் முன்னே விட்டுவிடுவேன். இடப்பக்கமாகக் கடப்பது மாதத்தில் இரண்டொரு முறை நடக்கிறது. அம்மா காரில் இருக்கும்போது நடப்பதில்லை.

## கண்ணாடியில் விளக்கு தெரிந்தால்

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் தம்மைப் பின்னால் இருப்பவராகவே வைத்துக் கேட்கிறார்கள். நானும் பல தடவை முன்னால் இருப்பவளாக இருந்திருக்கிறேன். லாரி வரிசையை முந்திக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் வந்து ஒட்டுவார். அப்போது செய்யக்கூடாதவை இரண்டு: பதறி வேகத்தைக் கூட்டுவதும், பிரேக்கைத் தொட்டுக் காட்டுவதும். தொடங்கிய முந்தலை அதே வேகத்தில் முடித்து, இடப்பக்க இண்டிகேட்டரை முன்கூட்டியே போட்டுவிட்டால், நாம் விலகப்போகிறோம் என்று தெரிந்து பின்னால் இருப்பவர் பெரும்பாலும் இடைவெளி விட்டுவிடுகிறார். கடந்துவந்த லாரியின் இரு முன்விளக்குகளும் உள் கண்ணாடியில் முழுதாகத் தெரிந்த பிறகே இடத்தடத்துக்குத் திரும்ப வேண்டும். 56 டன் வண்டி நமக்காகச் சட்டென்று நிற்காது.

மாரிட்ஸ்பர்குக்கு மேலே டவுன் ஹில்லில் மூடுபனி இறங்கும் மாலைகளில் மேலே சொன்ன அட்டவணை எதுவும் பொருந்தாது. அன்று வலத்தடம் காலியாகவே இருந்தாலும் நான் அங்கே போவதில்லை. இடத்தடத்தில், முன்னே போகும் லாரியின் பின்விளக்கு மங்கித் தெரியும் தூரத்தில், மூன்று நொடியை எண்ணிக்கொண்டு, ஹில்டன் வரை அதன் வேகத்திலேயே ஏறுகிறேன்.